தோட்டாவின் குணம் அறிதல்

ரைஃபிள் தோட்டா ஒன்றில் நான்கு பொருள்கள் உண்டு: பித்தளைக் கூடு, கூட்டின் அடியில் பொருத்திய கேப்பு, உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. விசையை இழுத்ததும் ஊசி கேப்பைத் தட்டுகிறது. கேப்பின் தீப்பொறி மருந்தைப் பற்றவைக்க, மருந்து எரிந்து எழும் வாயு குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. சுட்ட பின் குண்டும் மருந்தும் போய்விடும். பித்தளைக் கூடு மட்டும் கையில் மிஞ்சும். அந்தக் காலிக் கூட்டைச் சுத்தம் செய்து, புதுக் கேப்பு பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, புதிய குண்டைச் செருகினால் மறுபடியும் ஒரு தோட்டா தயார். இதுவே கையால் நிரப்பும் தோட்டா. அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் போட்டியாளர்கள் இதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள்.

தொழிற்சாலைத் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவாகச் செய்யப்படுவது. கையால் நிரப்புபவர் தம் ஒரே துப்பாக்கியின் குழலுக்குப் பொருந்தும்படி மருந்தின் அளவையும் குண்டு செருகும் ஆழத்தையும் மாற்றிப் பார்க்கிறார். மருந்தை நிறுக்கும் அலகு கிரெயின். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். பொற்கொல்லர் தராசில் வைக்கும் ஒரு குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெயின் இருக்கும். குன்றிமணியில் இருபதில் ஒரு பங்கு கூடக் குறைய இல்லாமல் நிறுப்பதே இந்த வேலையின் வழக்கமான கண்டிப்பு. இவ்வளவு கவனமும் பலன் தந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் சோதனை.

குறியும் நெருக்கமும்

துல்லியம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. குண்டுகள் குறியின் மையத்தில் விழுகின்றனவா என்பது ஒன்று. விழுந்த குண்டுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பது மற்றொன்று. ஐந்து குண்டும் மையத்துக்கு ஒரு சாண் இடப்பக்கம், ஆனால் ஒரு ரூபாய் நாணயம் மறைக்கும் அளவுக்குள் விழுந்தால், தோட்டாவில் குறை இல்லை. பார்வைக் கருவியைத் திருகித் திருப்பினால் சரியாகிவிடும். ஐந்தும் மையத்தைச் சுற்றிச் சிதறிக் கிடந்தால் எந்தத் திருகாணியும் உதவாது. அதனால் தோட்டாச் சோதனை அளப்பது நெருக்கத்தை.

இதைக் கோணத்தில் சொல்வது வழக்கம். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வருவது ஒரு கோண நிமிடம். 100 மீட்டர் தொலைவில் அது 2.9 சென்டிமீட்டர் அகலம். 300 மீட்டரில் 8.7 சென்டிமீட்டர். பன்னாட்டு 300 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10 சென்டிமீட்டர். ஒரு கோண நிமிட நெருக்கம் உள்ள தோட்டா அந்த வட்டத்துக்குள் அடங்கும். ஆனால் சுடுபவரின் கைநடுக்கத்துக்கு அதன்பின் மிச்சம் ஏதும் இருக்காது. போட்டியாளர்கள் அரை நிமிடத்துக்காகப் பாடுபடுவது இதனால்தான்.

தேவனாம்பட்டினத்தில் முடிந்த ஒரு வாழ்க்கை

தோட்டாவை ஊகிப்பதை விட்டு அளக்கத் தொடங்கியவர் ஒருவர் தமிழ் மண்ணில் இறந்திருக்கிறார். இங்கிலாந்தின் பாத் நகரில் 1707-ல் பிறந்த பெஞ்சமின் ராபின்ஸ் கணித அறிஞர். 1742-ல் அவர் வெளியிட்ட பீரங்கிக்கலை பற்றிய நூல்தான் எறிபொருள் அறிவியலுக்கு அடித்தளம். கணித மேதை ஆய்லர் அதை 1745-ல் விரிவான குறிப்புகளோடு ஜெர்மன் மொழியில் தந்தார். ராபின்ஸ் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகி, சென்னை, கடலூர் கோட்டைகளின் அரண்களைத் திருத்தியமைக்க 1750-ல் இங்கே வந்தார். கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தின் செயின்ட் டேவிட் கோட்டையில் 1751 ஜூலையில் காய்ச்சலில் இறந்தார்.

அவருடைய கருவி மிக எளியது. கனத்த மரக்கட்டையை ஊசல்போலத் தொங்கவிட்டு, அதன் மேல் சுட வேண்டும். குண்டு கட்டைக்குள் புதைந்து அதைப் பின்னால் தள்ளும். கட்டை எவ்வளவு தூரம் ஊசலாடியது என்பதைக் கீழே கட்டிய நாடா காட்டிக்கொடுக்கும். அந்த அசைவிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடலாம். இன்றைய அளவுகளில் சொன்னால், 10 கிராம் குண்டு விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் வந்து 10 கிலோ கட்டையில் புதைந்தால், கட்டை விநாடிக்கு 80 சென்டிமீட்டர் வேகம் பெற்று சுமார் 3.3 சென்டிமீட்டர் உயரும். கண்ணால் பார்க்க முடியாத வேகம், அளவுகோலால் அளக்கக்கூடிய உயரமாக மாறிவிட்டது.

இதைக்கொண்டு, குண்டின் வேகத்தைக் காற்று அதுவரை எவரும் நினைத்ததைவிடப் பல மடங்கு கடுமையாகக் குறைக்கிறது என்று ராபின்ஸ் காட்டினார். மெல்லிய காகிதத் திரைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றினூடே சுட்டு, துளைகளின் இடத்தைக் கொண்டு குண்டு பறக்கும் வழியில் எப்படி விலகுகிறது என்றும் கண்டார். உருண்டைக் குண்டு கட்டுப்பாடின்றிச் சுழல்வதால்தான் பக்கவாட்டில் வளைகிறது என்பது அவர் முடிவு. குழலின் உட்புறத்தில் திருகுச்சுருள்போல வரி வெட்டினால் குண்டு ஒரே அச்சில் சுழன்று நேராகப் போகும் என்று 1747-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கினார். அந்த வரிகள் உள்ள துப்பாக்கியே ரைஃபிள். 30 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று என்று வரி வெட்டிய குழலிலிருந்து 800 மீட்டர் வேகத்தில் வெளியேறும் குண்டு விநாடிக்கு 2,600 தடவைக்கு மேல் சுழல்கிறது. அவ்வளவு வேகச் சுழற்சியில், குண்டின் ஒரு பக்கம் இம்மி கனத்தாலும் அது குறித்தாளில் தெரிந்துவிடும்.

வேகமானி சொல்வதும் சொல்லாததும்

ராபின்ஸின் ஊசலுக்குப் பதிலாக இன்று மின்னணு வேகமானி வந்துவிட்டது. குண்டு இரண்டு ஒளி உணரிகளைக் கடக்கும் இடைவெளியைச் சில கருவிகள் அளக்கின்றன. வேறு சில ரேடார் அலையால் அளக்கின்றன. பத்து தோட்டாக்களைச் சுட்டால் பத்து வேகங்கள் கிடைக்கும். அவற்றின் சராசரியும், சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் விலகும் அளவும் மருந்தை நிறுத்த நேர்த்தியையும் கேப்பின் ஒழுங்கையும் காட்டும்.

கேப்பின் பங்கு, தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்போன கோவில்பட்டிப் பக்கத்தாருக்கு எளிதில் விளங்கும்.  குச்சி நுனியில் மருந்து ஒரே அளவாக ஏறாவிட்டால் ஒரு குச்சி சீறி எரியும், அடுத்தது புகைந்து அணையும். கேப்பிலும் இதே கதைதான். பழைய கேப்புகளில் தீக்குச்சி மருந்தில் இருக்கும் அதே பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் குழலுக்குள் தங்கும் உப்பு ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். பழைய .303 ரைஃபிள்களை வைத்திருந்த படைவீரர்கள் சுட்டபின் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவியது இதற்காகத்தான். பின்னாளில் துருவேற்றாத கேப்புகள் வந்தன.

வேகமானியின் எண்களை அளவுக்கு மீறி நம்புவதும் தவறு. 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் இரண்டு குண்டுகளுக்கிடையே 10 மீட்டர் வேக வித்தியாசம் இருந்தால், 100 மீட்டர் தொலைவில் அவை மேலும் கீழுமாக விலகுவது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். 300 மீட்டரில் அது சுமார் 2 சென்டிமீட்டராகிறது. தொலைவு கூடக் கூட இந்த வித்தியாசம் வேகமாகப் பெருகும். ஆகவே 100 மீட்டரில் நன்றாகத் தோன்றிய தோட்டா 600 மீட்டரில் மேலும் கீழுமாகச் சிதறலாம். எந்தத் தொலைவில் பயன்படுத்தப் போகிறோமோ அந்தத் தொலைவில் சோதிக்க வேண்டும் என்பது இதிலிருந்து வரும் விதி.

காற்றும் கானலும்

தாளில் விழுந்த துளை தோட்டாவின் வேலை மட்டும் இல்லை. துப்பாக்கி, ஆள், காற்று, வெயில் ஆகிய நால்வரும் அதில் கைவைத்திருப்பார்கள். தோட்டாவின் குணத்தை மட்டும் பிரித்தெடுப்பதே சோதனையின் கடினமான பகுதி.

கோவில்பட்டிக்கு அருகில் இருக்கும் இளையரசனேந்தல் போன்ற கரிசல் வெளியை எடுத்துக்கொண்டால் முதல் எதிரி காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்களின் வழியே வரும் மேற்குக் காற்று இந்தச் சமவெளியைத் துடைத்துக்கொண்டு போகும். கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதே காற்றுதான். குறுக்கே விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, 10 கிராம் அளவுள்ள சாதாரண ரைஃபிள் குண்டை 100 மீட்டரில் சுமார் 2.5 சென்டிமீட்டர் தள்ளும். 300 மீட்டரில் ஏறக்குறைய கால் மீட்டர் தள்ளிவிடும். அரை நிமிட நெருக்கத்தைத் தேடுபவருக்கு இது பெரிய அளவு. சுடும் திசை கிழக்கு மேற்காக இருந்தால் அந்தக் காற்றின் தொல்லை குறையும். வடக்கு தெற்காக இருந்தால் முழு அடியும் பக்கவாட்டில் விழும்.

இரண்டாவது எதிரி கானல். நண்பகலில் கரிசல் தரையிலிருந்து எழும் வெப்பக் காற்று குறித்தாளை நீருக்கடியில் ஆடுவதுபோலக் காட்டும். குறி இருக்கும் இடம் ஒன்று, கண்ணுக்குத் தெரியும் இடம் வேறொன்று. விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம்தான் காற்றும் கானலும் அடங்கியிருக்கும் வேளை. தேர்ந்த சோதனையாளர்கள் அந்த வேளையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

மூன்றாவது வெப்பம். ரைஃபிள் மருந்து பொதுவாகச் சூட்டில் வேகமாகவும் குளிரில் மந்தமாகவும் எரியும். வெயிலில் கிடந்த தோட்டாவும் நிழலில் இருந்த தோட்டாவும் ஒரே பெட்டியில் பிறந்திருந்தாலும் ஒரே வேகம் தராது. இடம் மாறினாலும் கணக்கு மாறும். நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 1903-ல் தொடங்கப்பட்ட கார்டைட் தொழிற்சாலை, .303 தோட்டாவுக்கான கயிறு போன்ற மருந்தைச் செய்த ஆலை. இன்றும் அது அரசு நிறுவனமான மியூனிஷன்ஸ் இந்தியாவின் கீழ் இயங்குகிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி, வெயில் நாளில் கோவில்பட்டியில் இருப்பதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. அதே தோட்டா அங்கே சற்று எளிதாகக் காற்றைக் கிழிக்கும். அங்கே சரிபார்த்த பார்வைக் கருவி இங்கே அப்படியே பொருந்தாது. சோதனைக் குறிப்பேட்டில் நாள், நேரம், வெப்பநிலை, காற்று ஆகியவை எழுதப்படுவதற்கு இதுவே காரணம்.

ஆளின் பிழையைக் குறைக்கத் துப்பாக்கியை மேசைமேல் மணல்மூட்டைகளில் தாங்க வைத்துச் சுடுவார்கள். அமெரிக்கரான ஃபிராங்க்ளின் மான் இன்னும் ஒரு படி மேலே போனார். கான்கிரீட் தூணில் பதித்த தாங்கியில் குழலை மட்டும் கிடத்தி, தோளும் கையும் தொடாமல் ஆண்டுக்கணக்கில் சுட்டுப் பார்த்தார். 1909-ல் வெளிவந்த அவர் நூல் குண்டின் பறப்பை ஆராய்பவர்களுக்கு இன்றும் பாடம். அசையாத தாங்கியிலிருந்து சுட்டும் குண்டுகள் சிதறியதால், பழி கையிலிருந்து குண்டுக்கும் குழலுக்கும் மாறியது.

சுடும் ஒழுங்கு

அ, ஆ, இ என மூன்று வகைத் தோட்டாக்களை ஒப்பிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அ வகை பத்தையும் சுட்டு, பிறகு ஆ, அதன்பின் இ என்று போனால் ஒப்பீடு கெட்டுவிடும். இ வகைக்கு வரும்போது குழல் சூடேறியிருக்கும், அழுக்கு படிந்திருக்கும், காற்று கிளம்பியிருக்கும், தோளும் களைத்திருக்கும். மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, அ ஒன்று, ஆ ஒன்று, இ ஒன்று என்று சுழற்சியாகச் சுட்டால், குழலின் சூடும் காற்றின் மாற்றமும் மூன்றுக்கும் சமமாகப் பங்காகும்.

சுத்தம் செய்த குழலின் முதல் சில குண்டுகள் வழக்கமான இடத்தில் விழாமல் போகக்கூடும் என்பதால் அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுக் கழிப்பார்கள். குண்டுகளுக்கிடையே ஒரே இடைவெளி விட்டுக் குழலை ஆறவிடுவார்கள். கை நழுவியது என்று தெரிந்தால், தாளைப் பார்க்கும் முன்பே அதைச் சொல்லிக் குறித்துவிட வேண்டும். பார்த்தபின் தூர விழுந்த துளையைக் காட்டி, அது கை தவறியது என்று நீக்கினால், எல்லாத் தோட்டாவும் நல்ல தோட்டாதான்.

தாளை வாசித்தல்

எளிய அளவு, மிகத் தொலைவான இரண்டு துளைகளுக்கிடையே உள்ள தூரம். ஒரு துளையின் மையத்திலிருந்து மற்றதன் மையம் வரை அளப்பார்கள். இதில் ஒரு குறை உண்டு. பத்து குண்டுகள் சுட்டாலும் இந்த அளவு இரண்டு துளைகளை மட்டுமே கேட்கிறது. மற்ற எட்டும் வீண். அதனால் எல்லாத் துளைகளுக்கும் பொதுவான மையத்தைக் கணக்கிட்டு, அதிலிருந்து ஒவ்வொரு துளையின் தூரத்தையும் அளந்து சராசரி எடுப்பது மேலான முறை. ஒரே ஒரு குண்டு விலகியதால் இந்தச் சராசரி பெரிதும் கெட்டுவிடாது. அந்தக் குண்டை மறைப்பதும் இல்லை.

சிதறலின் வடிவமும் பேசும். துளைகள் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் வேக வித்தியாசத்தைச் சந்தேகிக்கலாம். பக்கவாட்டில் நீண்டிருந்தால் காற்றை. இரண்டு தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்திருந்தால், தோட்டாவைக் குறை சொல்லும் முன் பார்வைக் கருவியின் திருகாணியும் துப்பாக்கிக் கட்டையோடு குழல் பொருந்தும் இடமும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

அதிர்ஷ்டத்தின் பங்கு

தோட்டாச் சோதனையில் அதிகம் பேர் ஏமாறும் இடம் குண்டுகளின் எண்ணிக்கை. மூன்று குண்டுகள் நெருங்கி விழுந்ததைக் கொண்டாடிப் பெட்டி நிறைய அதே தோட்டாவைச் செய்துவைத்து, மறுவாரம் திகைப்பவர்கள் உண்டு. ஒரே தோட்டாவைச் சுட்டாலும், சுடும் எண்ணிக்கை கூடக் கூடச் சிதறல் பெரிதாகும். சராசரியாக மூன்று குண்டுக்கு 2 சென்டிமீட்டர் வரும் தோட்டா, ஐந்து குண்டுக்கு சுமார் 2.5 சென்டிமீட்டரும், பத்து குண்டுக்கு 3 சென்டிமீட்டருக்கு மேலும் காட்டும். எண்ணிக்கையைச் சொல்லாமல் சிதறலைச் சொன்னால், அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை.

ஐந்தைந்தாகச் சுட்டு, சராசரி 3 சென்டிமீட்டர் வரும் தோட்டா, மூன்றில் இரண்டு தடவை 2.2 முதல் 3.8 வரை எதையும் காட்டலாம். அதாவது ஒரு தாளில் 2.3, இன்னொன்றில் 3.6 என்று வந்தால் முதல் தோட்டா சிறந்தது என்று முடிவு கட்ட இடமில்லை. ஒரே தோட்டா இரண்டு முறை பேசியிருக்கலாம்.

இதை ஒருவர் தாமே சோதித்துப் பார்க்கலாம். ஒரே மாதிரியாக நிரப்பிய முப்பது தோட்டாக்களை மும்மூன்றாகப் பத்துப் பொட்டலமாக்கி, பத்து வெவ்வேறு வகை என்று பெயர் ஒட்டிச் சுட்டால், மிகச் சிறிய சிதறலும் மிகப் பெரிய சிதறலும் மூன்று மடங்கு வரை வேறுபடுவது சாதாரணம். பெயரை நம்பியவர் சிறியதைத் தேர்ந்தெடுத்து, மருந்தின் சரியான அளவு கிடைத்துவிட்டது என்பார். உண்மையில் அவர் தேர்ந்தெடுத்தது அதிர்ஷ்டத்தை. முதல் சுற்றில் வென்ற தோட்டாவை வேறொரு நாளில் மறுபடியும் சுட்டு உறுதி செய்யாதவரை, அதை வென்றதாகக் கொள்ளக் கூடாது. ஒரு வகைக்கு இருபது குண்டாவது சுட்டால்தான் நெருங்கிய இரண்டு தோட்டாக்களைப் பிரித்துப் பேச முடியும்.

அபாயமும் சட்டமும்

நெருக்கத்தைத் தேடும் ஆர்வத்தில் மருந்தைக் கூட்டிக்கொண்டே போவது உயிருக்கே ஆபத்து. குழலுக்குள் எழும் அழுத்தம் மருந்தின் அளவுக்கு நேர்விகிதமாக ஏறுவதில்லை. ஓர் எல்லைக்குமேல் திடீரென எகிறும். ஆலைகளில் இந்த அழுத்தத்தை அதற்கென்றே செய்த சோதனைக் குழலில் உணர்கருவி பொருத்தி அளக்கிறார்கள். அந்த வசதி இல்லாதவருக்கு வேகமானியே முதல் எச்சரிக்கை. எதிர்பார்த்ததைவிட வேகம் கூடிவிட்டால் அழுத்தமும் கூடியிருக்கிறது என்று கொண்டு நிறுத்திவிட வேண்டும். கேப்பு தட்டையாகிப் பிதுங்குவதும், சுட்டபின் கூடு எளிதில் வெளிவராமல் இறுகுவதும் மற்ற அறிகுறிகள்.

இந்தியாவில் இது வீட்டுத் திண்ணையில் செய்யும் வேலை இல்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதையும் சோதிப்பதையும் தடை செய்கிறது. தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் இயந்திரமும்கூடச் சட்டத்தின் பார்வையில் தோட்டாவே. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பின், உரிமமின்றித் தயாரிப்பதற்குக் குறைந்தது ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனை உண்டு.

நிரப்ப முடியாத தோட்டாவைச் சோதித்தல்

நிரப்ப முடியாவிட்டாலும் சோதிக்க முடியும். உரிமம் பெற்ற சுடுதளங்களில் விளையாட்டு வீரர்கள் செய்வது அதைத்தான். 50 மீட்டர் போட்டிக்கான .22 தோட்டாவில் பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால், வழக்கமாக அது மறுபடி நிரப்பப்படுவதில்லை. அங்கே பத்து மதிப்பெண் வட்டம் 10.4 மில்லிமீட்டர். ஒரே ஆலை, ஒரே பெயர், ஒரே விலை என்றாலும் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியும் ஒவ்வொரு குழலில் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். எனவே வீரர்கள் தங்கள் துப்பாக்கியைத் தாங்கியில் இறுக்கி, பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, பொருந்திய தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, பருவம் முழுவதற்கும் அதையே வாங்கிவைக்கிறார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஈலி நிறுவனம் இதற்கென்றே சோதனைத் தளம் வைத்திருக்கிறது.

மருந்தே இல்லாத காற்றுத் துப்பாக்கியிலும் இந்தத் தேடல் உண்டு. 10 மீட்டர் போட்டியில் பத்து மதிப்பெண் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அரை கிராம் அளவுள்ள ஈயப் பெல்லட்டின் தலை விட்டம் 4.49, 4.50, 4.51, 4.52 மில்லிமீட்டர் என்று நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் விற்கப்படுகிறது. எது தன் குழலுக்குப் பொருந்தும் என்பதைச் சுட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ராபின்ஸ் இறந்த கடலூரில் பிறந்து, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்காகக் களம் கண்ட இளவேனில் வாலறிவன் இந்தப் பிரிவின் வீராங்கனை.

நிரப்பிய தோட்டா, ஆலைத் தோட்டா, பெல்லட் ஆகிய மூன்றுக்கும் சோதனையின் ஒழுங்கு ஒன்றே. அசையாத தாங்கி, அடங்கிய காற்று, சுழற்சி முறை, போதிய எண்ணிக்கை, எல்லாத் துளைகளையும் எண்ணும் அளவு, மறுநாள் மறுசோதனை. இத்தனையும் கடந்து ஒரு தொகுதி இரண்டு நாள்களிலும் ஒரே நெருக்கத்தைக் காட்டினால், அந்தக் குழலுக்கு அதுவே பொருந்திய தோட்டா. குழல் மாறினால் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.